நின்றுகொண்டே செய்த டார்ச்

டார்ச் கம்பெனியில் வேலை பார்க்கிறவரின் மனைவி, இருட்டில் படி தெரியாமல் உருண்டு விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. மாவுக்கட்டோடு அந்த அம்மாள் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்டார், பஸ்ஸுக்கு நின்றால் பக்கத்தில் நின்றவர் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் லைட்டு செய்யற கம்பெனியிலதானே இருக்காரு?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

குடியிருந்தது மூன்றாவது மாடியில். படிக்கட்டில் ஒரே ஒரு பல்பு, அதுவும் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நட்டநடுவில். அது ஃப்யூஸ் ஆனபோது, மாற்ற வேண்டியது இரண்டாம் மாடிக்காரர் என்று முதல் மாடிக்காரரும், முதல் மாடிக்காரர் என்று இரண்டாம் மாடிக்காரரும் அடித்துச் சொன்னார்கள். டார்ச் கம்பெனிக்கார நம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஒரு பல்பை வாங்கிப் போட்டார். யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். மறுபடி போட்டார். மறுபடி போயிற்று. பிறகு குடியிருப்போர் எல்லாரும் கூடி, இதற்காக ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி இன்னும் இருக்கிறது. பல்புதான் இல்லை.

அந்த அம்மாளுக்கு ஒரு மருந்தகத்தில் வேலை. வீடு திரும்புவது பொழுது சாய்ந்த பிறகுதான். செல்போனில் டார்ச் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் தங்கையைக் கூப்பிடுவார். தங்கை பேசி முடிக்கும்போது போனும் உயிரை விட்டிருக்கும். கம்பெனி டார்ச் வீட்டில் நாலைந்து கிடந்தன. அவற்றில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைச் சுமந்துக்கிட்டுப் போறதுக்கு விழுந்தே தொலையலாம்" என்று அலமாரியில் போட்டுவிட்டார். அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எதை மறந்தாலும் மறக்காத ஒரே பொருள் பர்ஸ். குடை மறக்கும், சாவி மறக்கும், ஒருமுறை புருஷனையே பஸ் நிறுத்தத்தில் மறந்துவிட்டு ஏறியிருக்கிறார்.

மாவுக்கட்டு பிரித்த அன்று, மெலிந்து வெளுத்திருந்த அந்தக் கையைப் பார்த்து நம்மாளுக்கு மனசே ஆறவில்லை. "உன் பர்ஸுக்குள்ள போற மாதிரி ஒரு டார்ச் செஞ்சு தரேன். இனிமே நீ அந்தப் படியில விழக் கூடாது" என்றார்.

"முதல்ல செய்யுங்க, அப்புறம் பேசலாம்" என்றார் அம்மாள்.

இவர் செய்துவிடக்கூடிய ஆள்தான். அதில் சந்தேகமே வேண்டாம். கம்பெனியில் இவருக்கு 'அரை மில்லி' என்று பெயர். ஒரு டார்ச்சின் மூடி அரை மில்லி மீட்டர் பெரிதாக இருக்கிறதென்று மொத்தத் தயாரிப்பையும் நிறுத்திவிட்டவர் என்பதால் வந்த பெயர். சட்டைப்பையில் எல்லாரும் பேனா வைத்திருப்பார்கள். இவர் தடிமன் அளக்கிற வெர்னியர் வைத்திருப்பார். கையில் எது கிடைத்தாலும் வெர்னியரின் இரண்டு தாடைக்கும் நடுவில் கொடுத்து ஒரு பார்வை பார்த்தால்தான் தூக்கம் வரும். காலையில் ரொட்டித் துண்டை அளப்பார். செருப்பின் தேய்மானத்தை அளப்பார். குளியலறையிலிருந்து வெளியே வந்து, "சோப்பு நேத்தைவிட ஒன்றரை மில்லி குறைஞ்சிருக்கு. யாரு இந்தத் தேய் தேய்க்கிறது?" என்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அந்தக் கம்பெனியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அங்கே நாற்காலி கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒரு முக்காலிகூடக் கிடையாது. முதலாளி எங்கேயோ ஒரு பெரிய மனிதரின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார். உட்கார்ந்தால் முதுகு வளைகிறது, முதுகு வளைந்தால் மூளை சோம்பேறியாகிறது என்பது அந்தப் பேச்சின் சாரம். மறுநாளே நாற்காலிகளையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதிலிருந்து கணக்குப் பார்ப்பவர் நின்றுகொண்டு கணக்குப் பார்த்தார். படம் வரைகிறவர் நின்றுகொண்டு வரைந்தார். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை இடது கையில் பிடித்துக்கொண்டு எல்லாரும் சுவரோரமாக நின்று சாப்பிட்டார்கள். கட்டடம் முழுக்க ஒரே ஒரு நாற்காலி, அது முதலாளியின் அறையில். "எனக்கு யோசிக்கிற வேலை முடிஞ்சுபோச்சுப்பா, நான் உட்காரலாம்" என்பார். அந்த மட்டுக்கும் உண்மையைச் சொன்னார்.

அரை மில்லி தன் யோசனையைக் கொண்டுபோய்ச் சொன்னதும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "பர்ஸுக்குள்ள டார்ச்சா! யோவ், இத்தனை நாளா எங்கய்யா வச்சிருந்தே இதை?" என்று விளம்பர மேனேஜரைக் கூப்பிட்டார். விளம்பர மேனேஜருக்குக் கம்பெனியில் 'மைக்' என்று பெயர். பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்டால்கூட அரங்கத்துக்கே கேட்கிற மாதிரிதான் கேட்பார்.

முதல் மாதிரி நன்றாகவே வந்தது. அட்டை மாதிரி ஒரு தகடு, உள்ளே காகிதக் கனத்தில் ஒரு பேட்டரி, முனையில் கடுகளவு விளக்கு. நடுவில் ஒரு பொத்தான். விரலால் அமுக்கிப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும். பொத்தானைச் சுற்றி அதைவிடச் சற்றே உயரமாக ஒரு விளிம்பு. வேறு எது மேலே அழுந்தினாலும் அந்த விளிம்பு தாங்கிக்கொள்ளும், விரல் நுனி மட்டும்தான் உள்ளே இறங்கும். பேட்டரிக்கு மொத்தம் ஒரு மணி நேர வெளிச்சம். மாடிப்படிக்கு அது மாதக்கணக்கில் வரும். தடிமன் இரண்டரை மில்லி.

மைக் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டரைன்னு போஸ்டர்ல போட்டா எடுபடாதே. ரெண்டுன்னு இருந்தா கும்முன்னு இருக்கும். உலகத்திலேயே மெல்லிய டார்ச்னு ஒரே போடா போட்டுடலாம்."

இந்த இடத்தில் நம்மாள் 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மெலிசு என்று ஒருத்தர் வாயைத் திறந்துவிட்டால் அரை மில்லிக்கு ரத்தம் சூடாகிவிடும். "ரெண்டுதானே? ஏன் முடியாது?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். பேட்டரியில் கைவைக்க முடியாது, தகட்டில் கைவைக்க முடியாது. மிச்சம் இருந்தது அந்த விளிம்பு ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே இழைத்துத் தட்டையாக்கினார். வெர்னியரில் வைத்துப் பார்த்தார். சுத்தமாக இரண்டு. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.

முதலாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். "வெளியீட்டு விழா முடியட்டும், நீதான் தலைமை வடிவமைப்பாளர். உனக்குத் தனி ரூம். கதவு வச்ச ரூம்!"

"நாற்காலி, சார்?"

"கதவுதான்யா சொன்னேன்."

சோதனை முறையாகத்தான் நடந்தது, யாரும் ஏமாற்றவில்லை. ஆளுக்கொரு டார்ச்சைப் பர்ஸில் வைத்து, பர்ஸைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு வாரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று, வீட்டுக்குக் கிளம்பும்போது டார்ச்சைக் கேட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். காலையில் வாங்கிக்கொண்டால், நாள் முழுக்க நின்றுகொண்டே சோதிப்பார்கள். எப்போது எடுத்து அமுக்கினாலும் பளிச்சென்று எரிந்தது. ஒன்றுகூடப் பழுதில்லை. சோதனைப் பிரிவில் கைதட்டினார்கள்.

தயாரிப்பு தொடங்கியதும் அரை மில்லி அனுமதி வாங்கி இரண்டு டார்ச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்று மனைவிக்கு, ஒன்று தனக்கு. அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. "பரவாயில்லையே! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உருப்படியா ஒண்ணு கொண்டாந்திருக்கீங்க."

மறுநாள் பொழுது சாய்ந்து, இவர் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. "என்னங்க! உங்க உலக அதிசயம் எரிய மாட்டேங்குது!"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி இறங்கினார். அம்மாள் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார், உடைந்து கூடிய கையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி. மேலே ஏறப் பயந்துபோய் நின்றது நன்றாகவே தெரிந்தது. அதை இவரும் பார்த்தார். ஆனால் வாயில் வந்தது வேறு. "நீ சரியா அமுக்கியிருக்க மாட்டே."

"ஆமாமா, மருந்தகத்துல இத்தனை வருஷமா மாத்திரைப் பட்டையை அமுக்கி அமுக்கி எடுக்கிறேன். எனக்கு அமுக்கத் தெரியாது."

இருட்டில் அவர் முன்னே, அம்மாள் பின்னே, கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். இரண்டாம் மாடியில் கமிட்டித் தலைவர் கதவைத் திறந்து, "விளக்கு விஷயம் பரிசீலனையில இருக்கு" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

வீட்டுக்குள் வந்து டார்ச்சை அமுக்கிப் பார்த்தார். செத்துக் கிடந்தது. பேட்டரி காலி. ஒரு மணி நேர வெளிச்சம் ஒரே பகலில் எங்கே போயிற்று? தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். ஜோராக எரிந்தது. அதைப் பர்ஸில் வைத்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, யோசனையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பெனியில் நின்று, பஸ்ஸில் இடமில்லாமல் நின்று, வீட்டுக்கு வந்தும் அடுப்படியில் நின்றவர். அன்றைக்கு அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

"அடக் கடவுளே, இது வேறயா!" என்று அம்மாள் சலித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் அவர் குரல் மாறியது. "ஏங்க... உங்க பின்னாடி என்னங்க அது?"

"என்ன?"

"எரியுதுங்க! உங்க பின்பக்கம் எரியுது!"

துள்ளி எழுந்தார். இருட்டு. ஒன்றுமில்லை. "எங்கே?"

"இப்ப இல்லை. உட்காருங்க. ஆங், இப்ப எரியுது! எந்திரிங்க. அணைஞ்சுபோச்சு. ஐயோ, மறுபடி உட்காருங்களேன்!" அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாக்கெட் ஓரத்திலிருந்து மெல்லிய கோடாக வெளிச்சம் கசிந்து நாற்காலியின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

அரை மில்லி சிரிக்கவில்லை. எழுந்து நின்றபடியே இருந்தார், அந்த இருட்டில் எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. விளிம்பு இல்லாத பொத்தான். உட்கார்ந்தால் அழுந்துகிறது. அழுந்தினால் எரிகிறது. மனைவியின் கைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாப்பாட்டு டப்பா, குடை, தண்ணீர் பாட்டில், மாற்றுச் செருப்பு, இதற்கெல்லாம் நடுவில் பிதுங்கிக்கொண்டு அந்தப் பர்ஸ். காலையிலிருந்து அந்த டார்ச் பைக்குள் யாருக்கும் இல்லாமல் எரிந்திருக்கிறது. பர்ஸுக்குள் இருக்கிறவரை எரிந்து, வெளியே எடுக்கும்போது அணைந்துபோகிற ஒரு டார்ச்சை உலகத்தில் வேறு யார் செய்ய முடியும்? உட்காரவே தெரியாத ஒரு கம்பெனியால்தான் முடியும்.

மறுநாள் முதலாளியிடம் ஓடினார். மைக்கும் இருந்தார்.

"சார், அந்த விளிம்பைத் திரும்ப வைக்கணும். அரை மில்லி கூடும், அவ்வளவுதான். இல்லேன்னா உட்கார்ந்தா எரியுது."

முதலாளிக்குப் புரியவில்லை. "எரியறதுக்குத்தானேய்யா டார்ச்?"

"பாக்கெட்டுக்குள்ள எரியுது சார். கஸ்டமர் உட்காரும்போது..."

"இங்க இத்தனை பேர் பாக்கெட்ல வச்சிருந்தாங்களே, யாருக்காவது எரிஞ்சுதா?"

"இங்க யாரும் உட்கார்றதில்லையே சார்!"

"பார்த்தியா, உட்காராதவனுக்கு ஒரு குறையும் இல்லை. இதைத்தானே நான் நாள் முழுக்கச் சொல்றேன்!" முதலாளி வெற்றிக் களிப்போடு தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவரிடம் சோதித்துக் காட்டலாமென்றால் அவர் பர்ஸே வைத்துக்கொள்வதில்லை. அவருடைய பர்ஸ் டிரைவரிடம் இருக்கும்.

மைக் உள்ளே புகுந்தார். "அண்ணே, போஸ்டர் ஒட்டியாச்சு. தெருவுக்குத் தெரு 'ரெண்டு' நிக்குது. இப்பப் போய் ரெண்டரைன்னா சிரிக்க மாட்டாங்க? நீங்க செஞ்சதுதானே அந்த ரெண்டு? இப்ப நீங்களே வேண்டாம்னா என்ன அர்த்தம்?"

அதுதான் சுருக்கென்று தைத்தது. நான் செய்ததுதான். நானேதான் இழைத்தேன் என்று அவருக்குத் தோன்றியது. முதலாளி ஒப்புதல் தாளை முன்னால் தள்ளினார். "போடுய்யா கையெழுத்தை. கதவுக்கு என்ன கலர் வேணும்னு சொல்லு."

நின்றார். யோசித்தார். கையெழுத்தைப் போட்டார். கதவுக்கு நீல நிறம் என்றும் சொல்லிவிட்டு வந்தார். இதைப் பூசி மெழுகி எழுத எனக்கு மனமில்லை. அந்த இடத்தில் அவர் கோழையாகத்தான் நடந்துகொண்டார்.

ஆனால் மனைவிக்குக் கொடுத்த வாக்கு இருந்ததே. விளிம்போடு செய்த அந்த முதல் மாதிரி இவருடைய மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் புது பேட்டரி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மாள் அதைப் பர்ஸில் வைத்து, பர்ஸைப் பையில் திணித்து, பையின் மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். எரியவில்லை. எடுத்து விரலால் அமுக்கினார். பளிச்சென்று எரிந்தது.

"இது சரியா இருக்கே. அப்போ கடைக்கு வரப்போறது இதுதானே?"

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இல்லை, அது மெலிசுதான்" என்றார்.

"அப்போ வாங்குறவங்க?"

"எல்லார் வீட்டுப் படியிலயும் பல்பு இருக்கும்மா."

அம்மாள் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து மெல்ல நீவிவிட்டுக்கொண்டார். வேறு எது சொல்லியிருந்தாலும் இவர் தாங்கியிருப்பார். அந்த நீவலை அவரால் பார்க்க முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

வெளியீட்டு விழா ஒரு பெரிய அரங்கத்தில், சாயங்காலம். கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். வாசலிலேயே ஆளுக்கொரு டார்ச். "பர்ஸுக்குள்ள வைங்க, பர்ஸை பாக்கெட்ல வைங்க, ஐயா பேசி முடிச்சதும் எடுக்கலாம்!" என்று மைக் ஒவ்வொருவரிடமும் சொன்னார். வாடகைக்கு எடுத்த மெத்தை வைத்த நாற்காலிகள், உட்கார்ந்தால் அமிழ்ந்துவிடும். தலைமை வடிவமைப்பாளராகப் போகிறவரின் மனைவி என்பதால் அந்த அம்மாளுக்கும் இரண்டாவது வரிசையில் ஓர் இடம். பிதுங்கும் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கம்பெனி ஆட்களுக்கு நாற்காலி இல்லை என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அவரவர் டார்ச்சைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு அரங்கத்தின் நான்கு சுவரோரமும் வரிசையாக நின்றார்கள். மேடைப் படிக்குப் பக்கத்தில் அரை மில்லி நின்றார்.

முதலாளி பேச ஆரம்பித்தார். தான் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார். சோம்பேறித்தனத்தின் கேடு, முதுகெலும்பின் பெருமை, நாற்காலியால் அழிந்த பேரரசுகள் என்று போய்க்கொண்டே இருந்தது. சுவரோரமாக நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். அரை மில்லி பேச்சைக் கேட்கவில்லை. வரிசை வரிசையாக மெத்தைகளில் அமிழ்ந்து கிடந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேரின் அடியிலும் இப்போது எரிந்துகொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டார். ஒரு மணி நேரம் தாண்டியது. முதலாளி அப்போதுதான் கம்பெனியைத் தொடங்கிய கதைக்கு வந்திருந்தார்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. "இப்போ இந்த அரங்கத்தை இருட்டாக்கப் போறோம்! நீங்க எல்லாரும் சேர்ந்து வெளிச்சமாக்கப் போறீங்க! ஒண்ணு... ரெண்டு... மூணு!"

விளக்குகள் அணைந்தன. எல்லாரும் எழுந்து பர்ஸை எடுத்து டார்ச்சை அமுக்கினார்கள். டக், டக், டக் என்று அரங்கம் முழுக்கச் சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான் கேட்டது.

சுவரோரத்தில் மட்டும் ஜெகஜோதி. கம்பெனி ஆட்கள் அத்தனை பேர் கையிலும் டார்ச் பளபளவென்று எரிந்தது. நான்கு பக்கமும் வெளிச்சம், நடுவில் வாங்க வந்தவர்கள் எல்லாரும் இருட்டில். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கடைக்காரர் கத்தினார்: "எங்களுது எதுவும் எரியலையே!"

"சரியா அமுக்கியிருக்க மாட்டீங்க!" என்றார் மைக்.

அதே வார்த்தை. தன் வாயிலிருந்து, தன் வீட்டுப் படியில், தன் மனைவியிடம் வந்த அதே வார்த்தை. அரை மில்லிக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அப்போது இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு வெளிச்சம் எழுந்தது. இருட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் தடுமாறி விழப்போனதால், அந்த அம்மாள் தன்னுடையதை எடுத்து அமுக்கியிருந்தார்.

மைக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதோ! அதோ பாருங்க, அந்த அம்மாவும் உங்களை மாதிரி உட்கார்ந்துதான் இருந்தாங்க! அவங்களுது எரியுதே! அம்மா, மேடைக்கு வாங்க! வாங்கம்மா!"

நாலு பேர் வழிவிட்டார்கள். அம்மாள் தன் வெளிச்சத்திலேயே படியேறி மேடைக்குப் போனார். முதலாளி அந்த டார்ச்சை வாங்கி உயர்த்திப் பிடித்தார். "நம்ம டார்ச்! நீங்களே சொல்லுங்கம்மா, இது எப்படி?"

அம்மாள் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கீழே நின்ற கணவரைப் பார்த்தார். "எனக்கு என்னங்க தெரியும், எரியுது, அவ்வளவுதான். செஞ்சவரு அதோ நிக்கிறாரு. அவரைக் கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. முதலாளி இவரைப் பார்த்துக் கண்ணால் ஒரு சாடை காட்டினார். அந்தச் சாடையில் நீலக் கதவு இருந்தது. பேசாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நின்றாலே போதும், கதவு கிடைத்துவிடும்.

அரை மில்லி மேடையேறினார். முதலாளி கையிலிருந்த டார்ச்சை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். மனைவி, கேட்காமலேயே, பக்கத்தில் நின்ற மைக்கின் கையைப் பிடித்து, அதில் எரிந்த டார்ச்சைத் திருப்பி வெளிச்சம் காட்டினார். அளந்தார். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "ரெண்டரை" என்றார்.

"என்னது ரெண்டரை?" என்றது கூட்டம்.

"இது ரெண்டரை மில்லி. உங்க கையில இருக்கிறது ரெண்டு. பொத்தானைச் சுத்தி ஒரு விளிம்பு இருந்துச்சு, மெலிசாக்கணும்னு நான்தான் இழைச்சு எடுத்தேன். விளிம்பு இல்லேன்னா உட்கார்ந்ததும் எரிய ஆரம்பிச்சிடும். ஐயா பேசி முடிக்கிற வரைக்கும் உங்க எல்லாருக்கும் பின்னாடி எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. இப்ப பேட்டரி இல்லை. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன். தப்புதான். இதை வாங்கிட்டுப் போய் யார் வீட்டுப் படியிலயும் யாரும் விழ வேண்டாம்."

பிறகு பின்வரிசையில் ஒருவர் தன் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அரங்கமே சிரித்தது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

நீங்கள் நினைப்பது போல ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. மைக் எதற்கு இருக்கிறார்? ஒரே வாரத்தில் பழைய போஸ்டரின் மேல் புது போஸ்டர் ஏறியது. 'உட்கார்ந்தாலும் எரியாது!' டார்ச்சுக்கு இப்படி ஒரு விளம்பரமா என்று முதலாளியே திகைத்தார். ஆனால் விழாவில் நடந்த கூத்து வாய்க்கு வாய் பரவியிருந்ததால், இரண்டரை மில்லி டார்ச் பிய்த்துக்கொண்டு விற்றது. விளிம்பு வைக்கும் யோசனை தன்னுடையது என்று மைக் சொல்லிக்கொண்டார். நீலக் கதவு வைத்த அறையும் அவருக்கே போயிற்று.

அரை மில்லிக்குத் தண்டனை வேண்டாமா? முதலாளி ரொம்பவே யோசித்து, தனக்குத் தெரிந்ததிலேயே கேவலமான தண்டனையைக் கொடுத்தார். சோதனைப் பிரிவில் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, "நாள் முழுக்க இதுலயே உட்கார்ந்திரு. உட்கார்ந்து உட்கார்ந்து சோதிச்சுப் பாரு. மூளை மழுங்கட்டும்!" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு டார்ச்சும் இவருக்கு அடியில் போய்விட்டுத்தான் கடைக்குப் போகிறது. சாப்பாட்டு நேரத்தில் சுவரோரமாக நின்று டப்பாவை ஏந்திக்கொண்டிருப்பவர்கள் இவரைப் பார்க்கிற பார்வையைச் சொல்லி மாளாது. ஒருவர் வந்து, தானும் ஏதாவது தப்புச் செய்தால் இது கிடைக்குமா என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மாள், "கதவை வச்சுக்கிட்டு என்ன செய்யறது? கால்வலியாவது போகும்" என்றார்.

படிக்கட்டு இன்னும் இருட்டுதான். இவர் இப்போதெல்லாம் சாயங்காலம் சீக்கிரம் வந்து, அடுப்பை வைத்துவிட்டு, வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். கீழே மனைவியின் செருப்புச் சத்தம் கேட்கும். தயங்காமல், தடவாமல், நிற்காமல் ஏறிவரும் சத்தம். அதைக் கேட்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எத்தனையோ வருஷமாக எதையெதையோ மெலிசாக்கியவர், இந்தச் சந்தோஷத்தை மட்டும் அளந்து பார்க்க நினைக்கவில்லை.

ஒருநாள் செருப்புச் சத்தம் ஒன்றல்ல, ஏழெட்டாகக் கேட்டது. எட்டிப் பார்த்தார். முன்னால் மனைவி, கையில் அந்தச் சின்ன வெளிச்சம். பின்னால் கமிட்டித் தலைவர், முதல் மாடிக்காரர், அவர் மனைவி, இன்னும் யார் யாரோ, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக.

"என்னம்மா இது?"

"கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்களாம், இனிமே பல்பு வேண்டாம்னு. தினமும் நான் வர நேரத்துக்குக் கீழ காத்துக்கிட்டிருக்காங்க." அம்மாள் திரும்பி, பின்னால் வந்தவர்களுக்குப் படியில் வெளிச்சம் காட்டினார். "பார்த்து வாங்க சார், இங்கதான் நான் விழுந்தேன்."